பெடலை மிதிக்குமுன் சுத்த ஒலியைச் சேமித்து வையுங்கள்!

தரையில் ஒரு சின்னப் பெட்டி. சோப்புப் பெட்டியை விடச் சற்றுப் பெரிது. அதன் மேல் இரண்டு, மூன்று திருகு குமிழ்கள். காலால் மிதிக்க ஒரு விசை. கிதார் வாசிப்பவர் அதை மிதிக்கிறார். அதுவரை தேன் போல ஒழுகிய கிதார், மறுகணம் சிங்கம் போல உறுமுகிறது. இன்னொரு பெட்டியை மிதித்தால், மலைக் குகைக்குள் நின்று கூப்பிட்டது போல எதிரொலி கிளம்புகிறது.

இதற்குப் பெயர் 'எஃபெக்ட்ஸ் பெடல்'. சுருக்கமாகப் 'பெடல்' என்கிறார்கள்.

இந்தப் பெட்டி முன்பு மேடைக் கச்சேரிக்காரர்களிடம்தான் இருந்தது. இப்பொழுது வீடுகளுக்குள் வந்துவிட்டது. கூடவே டிஜிட்டல் ரெக்கார்டரும் வந்துவிட்டது. புத்தகம் அளவுள்ள ஒரு ரெக்கார்டர் இருந்தால் போதும். படுக்கை அறையே ஸ்டூடியோ!

பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். பெற்றோருக்குத் திண்டாட்டம். "இது சங்கீதமா, சத்தமா?" என்று அப்பா கேட்கிறார். "இன்னும் ஒரு பெடல் வாங்கினால் பாட்டு பிரமாதமாகிவிடும்" என்று பிள்ளை சொல்லுகிறான். இரண்டு பேர் பேச்சிலும் பாதிதான் உண்மை.

பெடல் நல்ல கருவி. ரெக்கார்டரும் நல்ல கருவி. ஆனால் இரண்டையும் சேர்க்கும்போது முறை தெரிய வேண்டும். முறை தெரியாமல் சேர்த்தால் காசும் வீண். உழைப்பும் வீண். திரும்பக் கிடைக்காத ஒரு நல்ல வாசிப்பும் பாழாகிவிடும். அந்த முறை என்ன என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

கிதாரின் குரல் எங்கே பிறக்கிறது?

மின்சாரக் கிதாரின் கம்பிகளுக்குக் கீழே காந்தம் இருக்கிறது. காந்தத்தைச் சுற்றி, தலைமயிர் போல மெல்லிய தாமிரக் கம்பியைப் பல ஆயிரம் சுற்றுகள் சுற்றியிருக்கிறார்கள். இதற்குப் 'பிக்கப்' என்று பெயர். கிதாரின் இரும்புக் கம்பி அதிர்ந்தால், இந்தச் சுருளில் மின்சாரம் பிறக்கிறது. மிகவும் சொற்பமான மின்சாரம். பெரும்பாலும் ஒரு வோல்ட்டுக்கும் குறைவு.

அந்தச் சொற்ப மின்சாரம்தான் வயர் வழியாகப் பெடலுக்குள் போகிறது. பெடல் அதை என்ன செய்கிறது? ஒரு பெடல் அதன் தலையை நசுக்கி உறுமல் ஆக்குகிறது. இதற்கு 'டிஸ்டார்ஷன்' என்று பெயர். இன்னொன்று அதை நினைவில் வைத்து, சற்று நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லுகிறது. அது 'டிலே'. மற்றொன்று பெரிய மண்டபத்தில் வாசித்தது போலக் காட்டுகிறது. அது 'ரிவெர்ப்'. ஒருவர் வாசிப்பதைப் பலர் வாசிப்பது போலக் காட்டுவது 'கோரஸ்'. கால் அசைவுக்கு ஏற்பக் கிதாரை "வா... வா..." என்று பேச வைப்பது 'வா-வா'.

ஆக, பெடல் தானாக வாசிப்பதில்லை. கை வாசித்ததை வேறு வேஷம் போட்டுக் காட்டுகிறது. அவ்வளவுதான்.

கோளாறு தந்த கொடை

"வேஷம் எதற்கு? உள்ளபடியே வாசித்தால் என்ன?" என்று கேட்பவர்கள் ஒரு கதையைக் கேட்க வேண்டும். இது நடந்த கதை.

அமெரிக்காவில் நாஷ்வில் என்ற நகரம். பாட்டுப் பதிவுக்குப் பேர் போன ஊர். அங்கே மார்ட்டி ராபின்ஸ் என்ற பாடகரின் 'டோன்ட் வொரி' என்ற பாட்டைப் பதிவு செய்தார்கள். அது 1961-ஆம் ஆண்டு வெளிவந்தது. பதிவின்போது கிரேடி மார்ட்டின் என்பவர் பேஸ் கிதார் வாசித்தார். ஒலிப்பதிவு மேஜையில் ஒரு பாகம் பழுதாகிவிட்டது. கிதாரின் குரல் கரகரவென்று கிழிந்து வந்தது. வேறு யாராக இருந்தாலும் "நிறுத்து" என்று சொல்லி, மறுபடி பதிவு செய்திருப்பார்கள். இவர்கள் அப்படியே விட்டுவிட்டார்கள். பாட்டு பெரும் வெற்றி பெற்றது!

"அந்தக் கரகரப்பு எனக்கும் வேண்டும்" என்று மற்றவர்கள் கேட்கத் தொடங்கினார்கள். பழுதான மேஜையை எத்தனை பேருக்குக் கொடுக்க முடியும்? அந்த ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னாடி யோசித்தார். டிரான்சிஸ்டர்களைக் கொண்டு அதே கரகரப்பைத் தரும் சிறு கருவியை உருவாக்கினார். கிப்சன் நிறுவனம் அதை 1962-இல் 'மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்' என்ற பெயரில் விற்றது.

முதலில் அதற்குப் பெரிய வரவேற்பு இல்லை. 1965-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் 'சாட்டிஸ்ஃபாக்ஷன்' என்ற பாட்டைப் பதிவு செய்தார்கள். அதில் கீத் ரிச்சர்ட்ஸ் இந்தப் பெடலை மிதித்து வாசித்தார். அந்த இடத்தில் பிறகு ஊதுகுழல் வாத்தியங்களைச் சேர்க்கலாம் என்றுதான் அவர் நினைத்திருந்தார். ஆனால் பெடல் ஒலியோடுதான் பாட்டு வெளிவந்தது. உலகமே கேட்டது. கடைகளில் இருந்த ஃபஸ்-டோன் பெட்டிகள் எல்லாம் விற்றுத் தீர்ந்தன.

ஆகவே, பழக்கமில்லாத ஒலியை எல்லாம் இரைச்சல் என்று தள்ளிவிடக் கூடாது. அதே சமயம் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்தப் பாட்டில் முதலில் மனத்தைப் பிடிப்பது மெட்டு. பெடல் அதற்கு நிறம் கொடுத்தது. மெட்டு இல்லாத இடத்தில் பெடல் மட்டும் என்ன செய்யும்?

வீட்டில் பிறந்த வெற்றிகள்

வீட்டில் பதிவு செய்வது இன்றைய விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். அதற்கும் நீண்ட சரித்திரம் உண்டு.

லெஸ் பால் என்ற அமெரிக்கக் கிதார் வித்துவான் 1915-இல் பிறந்தவர். ஹாலிவுட்டில் தன் வீட்டுக் கார் கொட்டகையையே ஸ்டூடியோவாக மாற்றிக்கொண்டார். ஒரு தட்டில் ஒரு கிதாரைப் பதிவு செய்வார். அந்தத் தட்டை ஓடவிட்டு, அதோடு சேர்ந்து இரண்டாவது கிதாரை வாசிப்பார். இரண்டும் சேர்ந்து இன்னொரு தட்டில் பதிவாகும். அதன் மேல் மூன்றாவது. இப்படி அடுக்கிக்கொண்டே போவார். 1948-இல் வெளிவந்த 'லவர்' என்ற இசைத்தட்டை இப்படித்தான் செய்தார். கேட்டவர்கள் ஒரு பட்டாளமே வாசிக்கிறது என்று நினைத்தார்கள். வாசித்தது ஒரே மனிதர்!

அதில் உள்ள கஷ்டத்தை எண்ணிப் பாருங்கள். ஏழு அடுக்கு முடித்து, எட்டாவது அடுக்கில் ஒரு விரல் தவறினால் போயிற்று. சேர்ந்த ஒலியைப் பிரிக்க முடியாது.

டாம் ஷோல்ஸ் என்பவர் இன்னொரு உதாரணம். புகழ் பெற்ற எம்.ஐ.டி. கல்லூரியில் படித்த எஞ்சினீயர். பகலில் போலராய்டு கம்பெனியில் வேலை. மற்ற நேரமெல்லாம் வீட்டு நிலவறையில் கிதாரும் ஒலிப்பதிவும். தனக்கு வேண்டிய ஒலி கிடைப்பதற்காகக் கருவிகளைத் தானே செய்தார். அந்த நிலவறைப் பதிவுகளில் பிறந்ததுதான் 'பாஸ்டன்' குழுவின் முதல் ஆல்பம். 1976-இல் வெளிவந்தது. அமெரிக்காவில் மட்டும் 1 கோடியே 70 லட்சம் பிரதிகளுக்குச் சான்றிதழ் பெற்றது.

மூன்றாவது ஆள் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன். 1982-ஆம் ஆண்டு தொடக்கத்தில், நியூஜெர்சியில் தன் வீட்டில் உட்கார்ந்து பாடினார். கையில் சாதாரணக் கிதார். எதிரே கேசட்டில் நான்கு தடங்கள் பதியும் 'போர்ட்டா ஸ்டூடியோ' என்ற சிறு கருவி. டாஸ்காம் நிறுவனம் அதை 1979-இல்தான் வெளியிட்டிருந்தது. குழுவினருக்குப் பாட்டுகளைக் காட்டுவதற்காகச் செய்த மாதிரிப் பதிவு அது. பிறகு பெரிய ஸ்டூடியோவில் குழுவோடு வாசித்துப் பார்த்தார்கள். கேசட்டில் இருந்த உயிர் அங்கே வரவில்லை. கடைசியில் கேசட்டையே 'நெப்ராஸ்கா' என்ற ஆல்பமாக வெளியிட்டார்கள்!

இதில் நமக்கு முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. அந்த ஆல்பத்தில் எதிரொலி கேட்கிறது. குரலையும் கிதாரையும் நான்கு தடங்களில் பதிந்த பிறகு, எல்லாவற்றையும் ஒன்றாகக் கலக்கும்போது, எக்கோபிளெக்ஸ் என்ற கருவியால் சேர்த்த எதிரொலி அது. முதலில் பாட்டு. பிறகு அலங்காரம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

டிஜிட்டல் ரெக்கார்டர் என்ன செய்கிறது?

லெஸ் பால் பட்ட கஷ்டம் இன்றைக்கு இல்லை. டிஜிட்டல் ரெக்கார்டர் ஒலியை எண்களாக மாற்றுகிறது. ஒரு விநாடியில் 44,100 முறை ஒலியை அளந்து குறித்துக்கொள்ளுகிறது. ஒவ்வொரு அளவையும் 65,536 படிகளில் ஒரு படியாக எழுதுகிறது. 16 பிட் என்று சொல்லுவது இதைத்தான். 24 பிட் என்றால் படிகள் 1 கோடியே 67 லட்சத்துக்கும் மேல்.

எண்களைப் பிரதி எடுத்தால் அவை தேய்வதில்லை. நூறாவது பிரதியும் முதல் பிரதியும் ஒன்றே. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனித் தடம் உண்டு. இதற்கு 'டிராக்' என்று பெயர். ஒரு டிராக்கில் தவறு வந்தால் அதை மட்டும் அழித்துவிட்டு மறுபடி வாசிக்கலாம். மற்றவை அப்படியே இருக்கும்.

இவ்வளவு வசதி இருந்தும், வீட்டில் பதிவு செய்த கிதார் பல சமயம் கேட்கச் சகிக்காமல் இருக்கிறதே, ஏன்? பெரும்பாலும் மூன்றே காரணங்கள்தான்.

முதல் காரணம்: தவறான துளை

ரெக்கார்டரில் வயர் செருகப் பல துளைகள் இருக்கும். மைக்குக்கு ஒன்று. சாதாரணக் கருவிகளுக்கு 'லைன்' என்று ஒன்று. கிதாருக்கு ஒன்று. கிதார் துளைக்குப் பக்கத்தில் 'கிதார்' என்றோ, 'ஹை-இசட்' என்றோ எழுதியிருக்கும். சில ரெக்கார்டர்களில் அதற்கென ஒரு சிறு சுவிட்ச் இருக்கும்.

கிதாரின் மின்சாரம் சொற்பம் என்று சொன்னோம் அல்லவா? மெல்லிய குழாயில் வரும் தண்ணீர் போன்றது அது. ஒரு வாயைத் திறந்தால் சீராக வரும். நான்கு வாய்களையும் திறந்துவிட்டால் வேகம் செத்துவிடும். கிதாருக்கு உரிய துளை ஏறக்குறைய 10 லட்சம் ஓம்ஸ் தடை உடையது. அது கிதாரிடமிருந்து மிகக் கொஞ்சமாகவே மின்சாரத்தை இழுக்கும். லைன் துளையின் தடை சில பத்தாயிரம் ஓம்ஸ்தான். அது அதிகம் இழுக்கும். கிதாரை நேராக அதில் செருகினால் என்ன ஆகும்? மணி போன்ற மேல் ஒலிகள் மறைந்து, கம்பளி போர்த்தியது போல மந்தமாகக் கேட்கும்.

நடுவில் பெடல் ஓடிக்கொண்டிருந்தால் இந்தத் தொல்லை குறையும். பெடல் கிதாரின் மின்சாரத்துக்குப் பலம் கொடுத்து அனுப்பும். ஆனால் சில பெடல்கள், அணைத்தவுடன் கிதாரை நேராக வெளியே விட்டுவிடும். அப்பொழுது மந்தம் திரும்ப வந்துவிடும். "மிதித்தால் நன்றாக இருக்கிறது, விட்டால் குரல் மங்குகிறது" என்று குழம்புகிறவர்கள் முதலில் துளையைப் பாருங்கள். வயர் அளவுக்கு மிஞ்சி நீளமாக இருந்தாலும் மேல் ஒலி மங்கும்.

இரண்டாவது காரணம்: சிவப்பு விளக்கு

ரெக்கார்டருக்கு ஓர் உச்ச அளவு உண்டு. மரக்கால் நிறைந்த பிறகு கொட்டுகிற நெல் எங்கே போகும்? தரையில்தான் விழும். அதைப் போல, உச்ச அளவுக்கு மேல் வருகிற ஒலியை ரெக்கார்டர் வெட்டி எறிந்துவிடும். அப்பொழுது சிவப்பு விளக்கு எரியும். வெட்டுப்பட்ட ஒலி சடசடவென்று கேட்கும்.

"டிஸ்டார்ஷன் பெடலும் ஒலியை நசுக்கத்தானே செய்கிறது?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. பெடல் அதற்கென்றே அமைத்த பாகங்களால் பக்குவமாக நசுக்குகிறது. ரெக்கார்டர் கத்தியால் நறுக்குவது போலத் தலையை வெட்டுகிறது. முன்னது காதுக்கு இதம். பின்னது எரிச்சல்.

பெடலை மிதித்தவுடன் ஒலியின் பலம் சட்டென்று ஏறலாம். ஆகவே இருப்பதிலேயே பலமான பெடலை மிதித்து, பலமாக வாசித்துப் பார்த்து, ரெக்கார்டரின் குமிழைத் திருப்புங்கள். அளவுமானியில் உச்சி 'மைனஸ் 12' அருகே நிற்கட்டும். பிறகு வாசிக்கத் தொடங்குங்கள். சிறியதாகப் பதிந்த ஒலியைப் பின்னால் பெரிதாக்கலாம். வெட்டுப்பட்டதை ஒட்ட வைக்க முடியாது.

மூன்றாவது காரணம்: காணாமல் போன ஸ்பீக்கர்

இதுதான் பலருக்கும் தெரியாதது.

மேடையில் பெடல் வழியாக வரும் கிதார், ஒரு பெரிய ஸ்பீக்கர் பெட்டியில் போய் முடிகிறது. கிதாருக்கான ஸ்பீக்கர், ஏறக்குறைய 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள கூச்சல் ஒலிகளைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். டிஸ்டார்ஷன் பெடலின் உறுமல் நமக்கு இனிமையாகக் கேட்பதில் பாதிப் பங்கு அந்த ஸ்பீக்கருக்கு உரியது.

வீட்டில் என்ன செய்கிறோம்? பெடலிலிருந்து வயரை நேராக ரெக்கார்டரில் செருகிவிடுகிறோம். ஸ்பீக்கர் நடுவில் இல்லை. வடிகட்ட ஆள் இல்லை. விளைவு? தகர டப்பாவில் வண்டு சுற்றுவது போன்ற சத்தம்! பையன் பெடல் மட்டம் என்று நினைக்கிறான். அதை விற்றுவிட்டு விலை கூடிய பெடல் வாங்குகிறான். அதிலும் வண்டு! மறுபடி வேறு பெடல். காசு இப்படித்தான் கரைகிறது.

மருந்து எளிது. ஸ்பீக்கரைப் போலவே வடிகட்டும் வசதி பல ரெக்கார்டர்களுக்குள் இருக்கிறது. 'கேபினெட்' என்றோ 'ஆம்ப்' என்றோ எழுதியிருக்கும். அதைப் போட்டாலே வண்டு ஓடிவிடும். நாம் மேலே சொன்ன டாம் ஷோல்ஸும் இதைக் கவனித்தவர்தான். 1982-இல் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த 'ராக்மேன்' என்ற கையடக்கப் பெட்டியில் இந்த வடிகட்டும் வேலையும் அடங்கியிருந்தது.

முதலிலா, பிறகா?

இப்பொழுது முக்கியமான கேள்விக்கு வருவோம். பெடல் ஒலியைக் கிதாரோடு சேர்த்தே பதிவு செய்வதா? கிதாரை மட்டும் பதிந்துவிட்டு, அலங்காரத்தைப் பிறகு சேர்ப்பதா?

வெள்ளைத் துணிக்கு எந்தச் சாயமும் ஏற்றலாம். சிவப்பு ஏற்றிய துணியைத் திரும்ப வெள்ளையாக்க முடியுமா? ஒலியும் அப்படித்தான். எதிரொலியோடு பதிந்த கிதாரிலிருந்து எதிரொலியை உருவி எடுப்பது பெரும்பாடு. இன்றைய கம்ப்யூட்டர்கள் ஓரளவு முயலுகின்றன. ஆனாலும் பழைய சுத்தம் முழுதாக வராது.

"அப்படியானால் எல்லாவற்றையும் பிறகே சேர்க்கலாம்" என்று முடிவு கட்டிவிடலாமா? அதுவும் தவறு. டிஸ்டார்ஷன் போட்டால் ஒரு சுரம் நீண்ட நேரம் நிற்கும். அதைக் கேட்டுக்கொண்டுதான் கை அடுத்த சுரத்துக்குப் போகும். வா-வா பெடலில் கால் அசைவே வாசிப்பின் பாதி. அந்த ஒலி காதில் விழாமல் வாசித்தால் வாசிப்பே வேறாகிவிடும்.

ஆகவே நாம் சொல்லுகிற விதி இது:

எந்தப் பெடல் கையின் வாசிப்பை மாற்றுகிறதோ, அதை மிதித்துக்கொண்டே வாசியுங்கள், பதியுங்கள். டிஸ்டார்ஷன், வா-வா இந்த ரகம்.

எந்தப் பெடல் வாசித்த பிறகு மெருகு மட்டும் கொடுக்கிறதோ, அதைப் பின்னால் சேருங்கள். ரிவெர்ப் இந்த ரகம். கோரஸும் பெரும்பாலும் இந்த ரகமே.

டிலே இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. திரும்பி வரும் எதிரொலியையே தாளமாக வைத்து வாசித்தால், அது முதல் ரகம். வெறும் அழகுக்கு என்றால், இரண்டாவது ரகம்.

இதோடு ஒரு காப்பும் செய்துகொள்ளுங்கள். கிதாரிலிருந்து வரும் ஒலியை இரண்டாகப் பிரிக்கும் சிறு பெட்டி கடையில் கிடைக்கிறது. ஒரு வழி பெடல் மூலமாக முதல் டிராக்குக்குப் போகட்டும். இன்னொரு வழி, எந்தப் பெடலும் இல்லாமல், நேராக இரண்டாவது டிராக்கில் உள்ள கிதார் துளைக்குப் போகட்டும். முதலாவது அலங்கரித்த ஒலி. இரண்டாவது சுத்த ஒலி. அலங்காரம் பிடிக்காமல் போனால், சுத்த ஒலியை எடுத்து, வேறு அலங்காரம் செய்யலாம். திரும்ப வாசிக்க வேண்டியதில்லை.

இதற்கு என்ன செலவு? கணக்குப் பாருங்கள். ஒரு டிராக்கில் ஒரு நிமிட ஒலி, 16 பிட் முறையில், சுமார் 5.3 மெகாபைட் இடம் எடுக்கிறது. 32 ஜிகாபைட் மெமரி கார்டில் ஏறத்தாழ 100 மணி நேரம் அடங்கும். நான்கு நிமிடப் பாட்டுக்குச் சுத்தப் பிரதி வைத்துக்கொள்ள இடம் பஞ்சமா?

சிலர் இதை மறுக்கிறார்கள். "எல்லாவற்றையும் தள்ளிப் போட்டால் பாட்டு முடியவே முடியாது. துணிந்து ஒரு முடிவு எடு" என்கிறார்கள். இதிலும் நியாயம் இருக்கிறது. ஒரே பாட்டுக்கு ஓராண்டாக எதிரொலி திருகிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு நாம் சொல்லுவது: சுத்த டிராக் வைத்திருப்பது ஆபத்துக் காலத்துக்கு. வீட்டில் அரிசி மூட்டை இருக்கிறது என்பதற்காகத் தினமும் எடை போட்டுக்கொண்டிருப்பார்களா? அலங்காரம் செய்த ஒலி திருப்தியாக இருந்தால், அதையே வைத்துப் பாட்டை முடித்துவிடுங்கள்.

வரிசையும் மின்சாரமும்

இரண்டு, மூன்று பெடல்கள் இருந்தால் எதை முன்னால் வைப்பது? வழக்கமான வரிசை இது: முதலில் வா-வா, அடுத்து டிஸ்டார்ஷன், அடுத்து கோரஸ், அடுத்து டிலே, கடைசியில் ரிவெர்ப். டிலேக்குப் பிறகு டிஸ்டார்ஷன் வைத்தால், எதிரொலிகளும் சேர்ந்து நசுங்கிக் கூழாகிவிடும். அந்தக் கூழே வேண்டும் என்றால் வைக்கலாம். சட்டம் ஒன்றும் இல்லை. தெரிந்து செய்ய வேண்டும்.

பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட் போதும். சிறு பாட்டரியிலும் ஓடும். அடாப்டரிலும் ஓடும். அடாப்டர் வாங்கும்போது கவனம் தேவை. பெரும்பாலான பெடல்களில் நடு முனை நெகட்டிவ். வீட்டில் கிடக்கும் வேறு அடாப்டரில் நடு முனை பாசிட்டிவாக இருக்கலாம். மாற்றிச் செருகினால் பெடல் புகைந்து போகலாம். பெட்டியின் மேல் அச்சிட்ட படத்தைப் பார்த்துவிட்டுச் செருகுங்கள். பாட்டரியில் ஓட்டுபவர்கள், வாசித்து முடித்ததும் கிதார் வயரைப் பெடலிலிருந்து உருவிவிடுங்கள். பல பெடல்களில், வயர் செருகியிருக்கும் வரை பாட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும்.

'ங்ஙம்' என்று அடிக்குரலில் ஓர் இரைச்சல் கேட்டால், அது பெரும்பாலும் வீட்டு மின்சாரத்தின் சத்தம். நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முறை திசை மாறிமாறிப் பாய்கிறது. கிதாரின் காந்தச் சுருள் அதையும் பிடித்துக்கொள்ளும். மின்விசிறி ரெகுலேட்டர், டியூப் லைட், சார்ஜர் ஆகியவற்றிலிருந்து தள்ளி உட்காருங்கள். கிதாரைச் சற்றுத் திருப்பிப் பிடியுங்கள். எந்தத் திசையில் இரைச்சல் குறைகிறதோ, அந்தத் திசையில் வாசியுங்கள். காசில்லாத வைத்தியம்!

காது பத்திரம்

வீட்டில் பதிவு செய்பவர்கள் பெரும்பாலும் ஹெட்போனில் கேட்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்குத் தொந்தரவு இல்லை. ஆனால் சொந்தக் காதுக்கு? உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். டிஸ்டார்ஷன் போட்ட கிதாரைக் கேட்கும்போது, நேரம் ஆக ஆகக் கை தானாக ஒலியைக் கூட்டும். கூட்டியது தெரியாது. இடையிடையே நிறுத்திக் காதுக்கு ஓய்வு கொடுங்கள். கெட்ட பெடலுக்கு மாற்று உண்டு. கெட்ட காதுக்கு இல்லை.

இளைஞர்களுக்கும் பெற்றோருக்கும்

இளைஞர்களே! முதல் பெடலாக எதை வாங்கலாம் என்று கேட்டால், சுருதி சேர்க்கும் 'டியூனர்' என்று சொல்லுவோம். சுருதி விலகிய கிதாருக்கு எத்தனை அலங்காரம் செய்தாலும் பயன் இல்லை. அடுத்தபடியாக, பிடித்த ஒரு டிஸ்டார்ஷன். அத்தோடு நிறுத்துங்கள். எதிரொலியும் மண்டப ஒலியும் பல ரெக்கார்டர்களுக்குள்ளேயே இருக்கின்றன. அவற்றை முதலில் பழகுங்கள். ஒரு பெடலின் எல்லாக் குமிழ்களையும் திருப்பித் திருப்பி அறிந்துகொண்ட பிறகுதான் அடுத்த பெடல் என்று ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள்.

பெற்றோர்களே! அறைக் கதவைத் தட்டி, "நிறுத்து" என்று சொல்லுமுன் ஒரு நாள் உள்ளே போய் உட்காருங்கள். "முதலில் பெடல் இல்லாமல் வாசி, கேட்கிறேன்" என்று சொல்லுங்கள். சுத்த ஒலியில் வாசிக்கும்போது விரல் தவறுவதும் தெரியும், விரல் தேறியதும் தெரியும். பிள்ளைக்கும் அது நல்ல பரீட்சை. பிறகு பெடலை மிதிக்கச் சொல்லுங்கள். வித்தியாசம் உங்களுக்கே புரியும். பிள்ளை எதற்காக அந்தப் பெட்டிக்கு ஆசைப்பட்டான் என்பதும் புரியும்.

பதிவு முடிந்ததும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. சுத்த டிராக்குக்குப் பாட்டின் பெயர், வாசித்தவர் பெயர், தேதி எழுதி, வேறொரு இடத்திலும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். மெமரி கார்டு ஒரு நாள் சொல்லாமல் கெட்டுப் போகும். பதினாறு வயதில் மகன் வாசித்ததும், மகள் பாடியதும் மறுபடி கிடைக்காது. பெடல்களின் நாகரிகம் வரும், போகும். பத்து வருஷம் கழித்து, குடும்பம் கூடி உட்கார்ந்து கேட்கும்போது, அந்த விரல்கள் வாசித்தது வாசித்தபடியே இருக்கட்டும்.